கறிக்கடை லீவும் பன்னிரண்டு பென்ஸ் அபராதமும்

போன வருடம் மகாவீர் ஜெயந்தி அன்று எங்கள் வீட்டுக்கு மதுரையிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பிரியாணி போடலாம் என்று காலை ஏழு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், பெரம்பூரில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கறிக்கடையின் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பாய், "இன்னிக்கு மகாவீர் ஜெயந்தி சார், கறி வெட்டக் கூடாது, தெரியாதா?" என்றார். கூட வந்த என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், சும்மா இருக்க மாட்டான். "நாமளும் ஜெயின் இல்ல, பாயும் ஜெயின் இல்ல, அப்புறம் யாருக்குப்பா இந்த லீவு? மதச்சார்பற்ற நாடுன்னு புக்ல போட்டிருக்கே?" என்று கேட்டான். முதலில் முட்டை வாங்கிக்கொண்டு போவோம், அப்புறம் பேசலாம் என்று அப்போதைக்கு அவன் வாயை அடைத்தேன்.

ஆனால் கேள்வி சரியான கேள்வி. அவனுக்கு அன்று சாயங்காலம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். சட்டம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

நாம் ஒரே மூச்சில் பேசிவிடும் இரண்டு விஷயங்களை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். "இந்தச் சாமியைக் கும்பிடு, இந்த நாளை அனுசரி, இல்லாவிட்டால் அபராதம்" என்று அரசு என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஒன்று. அரசாங்கமும் மத நிறுவனமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிர்வாகம் செய்யக் கூடாது, ஒருவர் கல்லாவில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் அக்கா தங்கை மாதிரி, ஆனால் ஒரே ஆள் இல்லை. இங்கிலாந்தைப் பாருங்கள்: இன்றைக்கும் ராஜாதான் இங்கிலாந்து திருச்சபையின் தலைவர், பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்குத் தனி இடம் உண்டு, ஆனாலும் லண்டனில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் தூங்குகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள். அரசும் திருச்சபையும் பிரியவில்லை, ஆனால் கட்டாயமும் இல்லை.

ஒரு காலத்தில் கேட்டார்கள். 1559இல் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் கொண்டுவந்த சட்டப்படி ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் சர்ச்சுக்கு வராதவர் 12 பென்ஸ் கட்ட வேண்டும். சின்னத் தொகை என்று நினைக்காதீர்கள், அன்றைய கூலிக்காரருக்கு அது ஒரு நாள் கூலிக்கு மேல். 1581இல் அதை மாதம் 20 பவுண்டு என்று ஏற்றினார்கள், ராணியின் திருச்சபையை ஏற்காத கத்தோலிக்கக் குடும்பங்கள் பல நிலத்தை இழந்தன. அங்கிருந்து கப்பலேறி அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போனவர்கள் 1610ஐ ஒட்டி அங்கே போட்ட சட்டம் இன்னும் பயங்கரம்: ஞாயிறு ஆராதனைக்கு முதல் தடவை வராவிட்டால் ஒரு வார ரேஷன் கட், இரண்டாம் தடவை அதோடு சாட்டையடி, மூன்றாம் தடவை மரண தண்டனை.

இதெல்லாம் ஏதோ தூர தேசத்துக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம், இதே 12 பென்ஸ் நம் கோட்டைக்காரர் கையெழுத்திலும் வந்திருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச் 1680இல் திறக்கப்பட்டது. அதைக் கட்ட முன்கை எடுத்த கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், அதற்கு முந்தைய வருடம் வங்காளப் பக்கத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி கிட்டங்கிகளைப் பார்வையிடப் போன இடத்தில் ஊழியர்களுக்கு ஓர் ஒழுங்குவிதி போட்டார். பொய் சொன்னால் அபராதம், குடித்துவிட்டு ஆடினால் அபராதம், பிரார்த்தனைக்கு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம், அந்தப் பணம் ஏழைகளுக்கு. மிளகும் துணியும் வாங்கி விற்க வந்த கம்பெனி, ஊழியருக்கு அட்டெண்டென்ஸ் எடுத்தது கிட்டங்கியில் மட்டுமல்ல.

ஏன் இப்படிச் செய்தார்கள்? கெட்ட எண்ணத்தால் என்று சொல்லிவிட்டால் சுலபம், ஆனால் அது முழு உண்மை இல்லை. ஒரு நாட்டில் ஒரே மதம், அதிலும் ஒரே பிரிவு இருந்தால்தான் ராஜ்ஜியம் உடையாமல் நிற்கும் என்று ஐரோப்பாவில் பெரும்பாலோர் நிஜமாகவே நம்பினார்கள். சர்ச்சுக்கு வராதவன் நாளைக்கு எதிரி நாட்டோடு சேருவான் என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பதே ஒரு சக்கரவர்த்தி போட்ட உத்தரவுதான். 321இல் ரோமாபுரியின் கான்ஸ்டன்டைன் சூரியனின் நாளில் நீதிமன்றமும் நகரத்துத் தொழில்களும் ஓய வேண்டும் என்றார், விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார், பயிர் வேலை காத்திருக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தக் கட்டாயத்தை முதலில் எதிர்த்தவர்கள் யார் என்று கேட்டால், நம் ஊரில் பத்தில் ஒன்பது பேர் நாத்திகர்கள் என்பார்கள். பெரியார் பிறந்த மண், அப்படித்தான் தோன்றும். என் மகனும் அதைத்தான் சொன்னான். ஆனால் நடந்தது வேறு. சத்தமாக எதிர்த்தவர்களில் பலர் பக்தி முற்றிய ஆட்கள்.

ரோஜர் வில்லியம்ஸ் என்று ஒரு போதகர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களுக்கே தாங்க முடியாத அளவுக்குத் தூய்மைவாதி. மனசாட்சி விஷயத்தில் மாஜிஸ்திரேட்டுக்கு என்ன வேலை என்று கேட்டதற்காக 1635இல் அவரை ஊரைவிட்டுத் துரத்தத் தீர்ப்பு சொன்னார்கள். பனிக்காலத்தில் காட்டு வழியே நடந்து போய், அங்கிருந்த பழங்குடி மக்களின் ஆதரவில், 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். அங்கே யாரும் எதையும் கும்பிடலாம், கும்பிடாமலும் இருக்கலாம். கட்டாயப்படுத்திச் செய்யும் வழிபாடு கடவுளின் மூக்குக்கு நாற்றமடிக்கும் என்று எழுதியவர் அவர். திருச்சபை ஒரு தோட்டம், வெளி உலகம் ஒரு காடு, நடுவில் வேலி வேண்டும் என்றார். கவனியுங்கள், அவர் கவலைப்பட்டது தோட்டத்துக்காக. ராஜாவையும் போலீஸையும் காவலுக்கு வைத்தால் வேலியே பயிரை மேய்ந்துவிடும் என்பது அவர் பயம்.

அதற்கு நூற்றைம்பது வருடம் கழித்து வர்ஜீனியாவில் இதே கதை. கிறிஸ்தவப் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க எல்லோரிடமும் வரி வாங்கலாம், யார் எந்த சர்ச்சுக்குக் கட்ட விரும்புகிறார்களோ அதற்கே போகட்டும் என்று பேட்ரிக் ஹென்றி என்ற அரசியல்வாதி ஒரு மசோதா கொண்டுவந்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜேம்ஸ் மேடிசன் 1785இல் அதை எதிர்த்து ஒரு மனு எழுதினார். அவரோடு கூடச் சேர்ந்து கையெழுத்து திரட்டியவர்களில் லைசென்ஸ் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகச் சிறைக்குப் போய் வந்த பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இருந்தார்கள். மசோதா செத்தது. அடுத்த வருடமே தாமஸ் ஜெஃபர்சன் எழுதி வைத்திருந்த மத சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. 1791இல், அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், 1802இல் ஜெஃபர்சன் கனெக்டிகட் பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் "பிரிக்கும் சுவர்" என்ற சொல். அந்தச் சொல்தான் இன்று உலகம் முழுக்கச் சுற்றுகிறது, ஆனால் சட்டத்தில் அது இல்லை, கடிதத்தில்தான் இருக்கிறது. சுவர் ஒரே நாளில் எழும்பவும் இல்லை, மாசசூசெட்ஸ் தன் சர்ச் வரியை விட்டொழித்தது 1833இல்தான்.

இப்போது மெட்ராஸுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, நம் பள்ளிப் பாடங்களில் கண்ணில் படாத பகுதியும்கூட.

கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாக ராஜா ஆனதும், ராஜா செய்த வேலைகளும் அதன் தலையில் விழுந்தன. கோயில் மானியங்களையும் பூஜைக்கென்று எழுதி வைத்த கட்டளைகளையும் 1817ஆம் வருடத்து ஒரு சட்டத்தின் மூலம் ரெவின்யூ போர்டின் கண்காணிப்பில் கொண்டுவந்தார்கள். கலெக்டர் கோயில் கணக்குப் பார்த்தார், திருவிழாவுக்குப் பணம் ஒதுக்கினார், கோட்டையில் பீரங்கி மரியாதை, சாமி புறப்பாட்டுக்குச் சிப்பாய்கள், மேளக்காரர்கள். தேர் வடம் பிடிக்க ஆள் போதாவிட்டால் கிராமத்து ஆட்களைச் சர்க்கார் உத்தரவில் பிடித்து வரும் வழக்கமும் இருந்தது. வடம் பிடிப்பது புண்ணியம்தான், அமீனா வந்து இழுத்துப் போனாலும் புண்ணியம் வருமா என்று தெரியவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் கிறிஸ்தவ அதிகாரிகளும் சிப்பாய்களும். ஆளுகிறவர்களின் மதத்துக்காரர்களே, தங்கள் சொந்த சர்க்கார் தங்களை இன்னொரு மதச் சடங்கில் நிற்க வைக்கிறது என்று புலம்பினார்கள். 1836இல் போதகர்கள், மிஷனரிகள், சிவில், ராணுவ அதிகாரிகள் என்று 200 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். மெட்ராஸின் முதல் பிஷப் டேனியல் காரி அதைச் சர்க்காரிடம் சேர்த்தார், அதற்காகத் திட்டும் வாங்கினார். மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் பெரிகிரின் மெய்ட்லண்ட் 1838இல் இதை முன்னிட்டே பதவியை விட்டுவிட்டார். தளபதி பதவி, சாமானியமா?

சரி, இதோடு முடிந்திருந்தால் கிறிஸ்தவர்களின் குறை என்று போயிருக்கும். பத்தே வருடத்தில் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பியது. 1846இல் கவர்னர் ட்வீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடப்புத்தகமாக வைக்கலாம் என்று ஒரு யோசனை எழுதினார். சென்னை இந்துக்கள் கொதித்துப் போனார்கள். முன்னால் நின்றவர் காஜுலு லட்சுமிநரசு செட்டி, துணி, நீல வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தை வைத்து 1844இல் 'கிரசென்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். கூட்டம் போட்டு, மனு எழுதி, லண்டன் வரைக்கும் அனுப்பினார்கள். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் ட்வீடேலின் யோசனையை ஏற்கவில்லை. இரண்டு மனுக்களையும் எழுதியவர்கள் சாமி கும்பிடுகிறவர்கள், ஒருவர் சாமியை ஒருவர் ஏற்காதவர்கள், கேட்டது மட்டும் ஒன்றே: சர்க்கார் தன் அதிகாரத்தையும் பணத்தையும் வைத்து எங்கள் மேல் இன்னொரு மதத்தைத் திணிக்கக் கூடாது. இந்த யோசனை வெளிநாட்டுச் சரக்கு என்கிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

1863இல் ஒரு சட்டம் போட்டு சர்க்கார் கோயில் நிர்வாகத்திலிருந்து கையைக் கழுவியது. சில கோயில்களில் தர்மகர்த்தாக்கள் சொத்தைத் தின்ற புகார்கள் குவிந்தன, 1920களில் நீதிக் கட்சி ஆட்சியில் மறுபடியும் சட்டம் வந்து வாரியம் வந்தது, 1951இல் அறநிலையத் துறை, அப்புறம் இன்று அமலில் இருக்கும் 1959ஆம் வருடச் சட்டம். அமெரிக்கச் சுவரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது சுவரே இல்லை, வாசல் திறந்து கிடக்கிறது. அரசியல் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: திருவிதாங்கூரிலிருந்து நமக்கு வந்த குமரிப் பகுதிக் கோயில்களுக்காக வருடம் 13.5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 290-ஏ பிரிவு பைசா சுத்தமாகச் சொல்கிறது. இந்தப் பிரிவைச் சொன்னால் வக்கீல் நண்பர்கள்கூட ஒரு நிமிடம் முழிப்பார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்காவில் 'சர்ச்' என்று ஒரு நிறுவனம் இருந்தது, அதை அரசிடமிருந்து விலக்கி வைத்தால் போதும். நம்மிடம் அப்படி ஒரே நிறுவனம் இல்லை. ஆனால் கோயில் வாசலில் ஒரு சாதிக்காரரை நிறுத்தும் கை இருந்தது, அந்தக் கையைத் தட்டிவிட அரசு உள்ளே போக வேண்டியிருந்தது. அதனால் 25ஆம் பிரிவு வழிபடும் உரிமையைக் கொடுத்துவிட்டு, இந்துக் கோயில்களை எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. உள்ளே போன அரசு எங்கே நிற்கும் என்பது தனிச் சண்டை. 1954இல் சிரூர் மடம் வழக்கில், மதத்துக்கு எது அத்தியாவசியம் என்பதை அந்த மதக் கோட்பாட்டை வைத்தே பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்குப் போனதே 1951ஆம் வருடத்து மெட்ராஸ் அறநிலையச் சட்டத்துக்கு எதிராகத்தான். 2003இல் கோயிலில் கிடா வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள், ஊர் ஊராக எதிர்ப்பு, அடுத்த வருடமே சட்டத்தை ரத்து செய்தார்கள். அய்யனார் ஜெயித்தார்.

ஆனால் முதலில் சொன்ன அந்தக் கட்டாய விஷயத்தில் நம் அரசியல் சட்டம் உறுதியாகத்தான் நிற்கிறது. ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு, பேட்ரிக் ஹென்றி இங்கே வந்திருந்தாலும் தோற்றிருப்பார். 28ஆம் பிரிவு பள்ளிக்கூடத்துக்குள் வருகிறது: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனையே கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் இருக்கலாம், ஆனால் மாணவரின் சம்மதம் வேண்டும், மைனராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நான் படித்தது வடசென்னையில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. கத்தோலிக்கப் பையன்கள் கேட்டகிசம் என்ற மத போதனை வகுப்புக்குப் போக, மிச்சப் பேர் மாரல் சயின்ஸில் உட்காருவோம், அந்த ஏற்பாடு ஒழுங்காக இருந்தது. காலை அசெம்பிளியில்தான் எல்லோருக்கும் ஒரே ஜெபம். எனக்கு அது பாட்டு மாதிரி, இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் பக்கத்தில் நின்ற ஒருவன் ஒரு நாள் கையைக் கூப்பவில்லை என்று வெயிலில் நிற்க வைத்தார்கள். அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, நிற்க வைத்த ஆசிரியருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

1985இல் கேரளாவில் மூன்று பிள்ளைகளுக்கு நடந்தது இதைவிடப் பெரிது. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாட மட்டும் இல்லை, தங்கள் மதம் விடாது என்றார்கள். பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. வாயைத் திறக்காமல் நிற்பதால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்பதுதான் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பின் சாரம். கீதம் மதம் இல்லையே என்று என் மகன் கேட்டான். அதுதான் விஷயம், உனக்கு இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது.

கட்டாயம் எப்போதும் அபராத ரசீதோடு வரும் என்றும் இல்லை. என் தாத்தா பாட்டி கல்யாணம் ஐயர் இல்லாமல், மேடையில் நாலு பேர் பேச, மாலை மாற்றி நடந்தது. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட சுயமரியாதைக் கல்யாணம், சடங்கு இல்லாததால் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. யாரும் அவர்களை ஹோமம் வளர்க்கச் சொல்லி அடிக்கவில்லை. வளர்க்காவிட்டால் நீங்கள் கணவன் மனைவி இல்லை, பிள்ளைக்குச் சொத்தில் சிக்கல், அவ்வளவுதான். அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார், பழைய கல்யாணங்களும் செல்லும் என்று ஆயிற்று. சடங்கோடு கல்யாணம் செய்கிறவருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு இதெல்லாம் பாடமே வேண்டாம். சவூதியில் இருந்தவரைக் கேளுங்கள், தொழுகை நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே மாட்டிக்கொண்ட கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார். அங்கேயே 2016இல் மதக் காவலர்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

இப்போது கறிக்கடை. இதற்கு நெருங்கிய சொந்தக்காரர், ஞாயிறு அன்று கடை நடத்தக் கூடாது என்ற அமெரிக்காவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டங்கள்தான். மேரிலாந்தில் ஒரு கடையின் ஊழியர்கள் ஞாயிறு அன்று ஃபைலும் ஸ்டேப்ளரும் தரைக்குப் போடும் மெழுகும் ஒரு பொம்மையும் விற்றதற்கு அபராதம் கட்டினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1961இல் நீதிமன்றம், இந்தச் சட்டம் பிறக்கும்போது மதச் சட்டம்தான், இப்போது எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாள், அதனால் செல்லும் என்றது. அதே நாளில் ஃபிலடெல்பியாவின் யூத வியாபாரிகளும் தோற்றார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை கடவுள் லீவு, ஞாயிற்றுக்கிழமை சர்க்கார் லீவு, வாரத்தில் இரண்டு நாள் வியாபாரம் போயிற்று. மண்ணடியில் வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையைச் சாத்துகிறவர் ஞாயிறும் சாத்தியே ஆக வேண்டும் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் புரியும். நம் சட்டங்கள் இதில் கொஞ்சம் சாமர்த்தியமாக, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடு என்பதில்தான் கண்ணாக இருக்கின்றன. மில் தொழிலாளர்களுக்கு ஞாயிறு லீவு 1890இல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே போராடி வாங்கியது, பாதிரியார் கொடுத்தது இல்லை.

மகாவீர் ஜெயந்தி அப்படி ஓய்வு நாள் என்று மாற முடியாது, ஏனென்றால் மூடச் சொல்வது கறிக்கடையை மட்டும். காரணம் மதத்திலிருந்து வருகிறது, அதை மறைக்க வழியில்லை. சென்னையில் இந்த நாள் மட்டும் இல்லை, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம், காந்தி ஜெயந்தி என்று வேறு நாட்களும் வரும். அகமதாபாத்தில் ஜெயினர்களின் பர்யுஷண் விரதத்துக்காக ஒன்பது நாள் அறுவைக் கூடங்களை மூடியது செல்லும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருடத்தில் சில நாள்தானே, அதிகத் தடை இல்லை, மற்றவர் உணர்வை மதிப்பது நம் நாட்டுக்குத் தேவை என்பது காரணம். சில நாள் கறியை ஒதுக்கிய அக்பரைக்கூடத் துணைக்கு அழைத்தார்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. மரியாதைக்காக நானே அன்று கறி சாப்பிடாமல் இருந்தால் அது வேறு, சௌகார்பேட்டையில் எனக்கு இருக்கும் ஜெயின் நண்பருக்காக நான் அதைச் செய்யத் தயார், அவர் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. சட்டம் வந்து மூடினால் நான் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. என் மகனோ இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்பது நாள் சின்னத் தடை என்றால் பத்தொன்பது நாள் என்ன சைஸ் என்று கேட்கிறான்.

மறுநாள் கறி வாங்கப் போனபோது பாயிடமே கேட்டோம், இந்த லீவில் உங்களுக்கு வருத்தம் இல்லையா என்று. "எனக்கென்ன சார், ஒரு நாளு தானே, மச்சான் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்று சிரித்தார். அப்புறம் உள்ளே மரக்கட்டையில் எலும்பு தட்டிக்கொண்டிருந்த பையனைக் காட்டி, "இவனுக்குத்தான் நேத்து சம்பளம் கிடையாது, தினக்கூலி" என்றார். எவ்வளவு என்று என் மகன் கேட்டான். பையன் நிமிராமலே, "எண்ணூறு" என்றான்.